ஓ என்றால் ஓங்கு

அச்சகத்தில் அவருக்கு ஒற்றர் என்று பெயர். வேவு பார்க்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு சொல்லுக்கு நடுவே வரவேண்டிய ஒரு க், ஒரு ச், ஒரு த், ஒரு ப் விட்டுப்போனால் அவருக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்காது. அந்த ஒற்றெழுத்தைத் தேடித் தேடிப் பிடித்ததால் வந்த பட்டம் அது. வேவு பார்க்கிறவர் என்று சொன்னாலும் பெரிய தப்பில்லை. காதில் சிவப்புப் பேனாவைச் செருகிக்கொண்டு, அடுத்தவர் எழுத்தில் எங்கே ஓட்டை என்று பார்ப்பதுதானே பிழை திருத்துகிறவரின் பிழைப்பு. அவர் நாற்காலியை விட்டு எழுந்தாலே, பக்கம் வடிவமைக்கிற பெண்கள் "ஒற்றர் வர்றாருடி, இன்னிக்கு யார் தலையோ" என்று ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள்.

வேலையில் அவரை அசைக்க முடியாது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவர் எழுத்தைப் பார்ப்பார், சொல்லைப் பார்ப்பார், சொல்லுக்கு நடுவே விட்ட இடைவெளியைக்கூடப் பார்ப்பார். சொன்ன விஷயத்தைப் பார்க்கமாட்டார். 'கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்ற பழமொழி நீதிக்கதைப் புத்தகங்களில் அவர் கையைத் தாண்டிப் போனது குறைந்தது முப்பது தடவை இருக்கும். முப்பது தடவையும் கால்புள்ளி சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்.

மெத்தைக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தார். மாடிப்படி முழுக்கப் பஞ்சுத் தூசி. ஏறும்போது தும்மல், இறங்கும்போது தும்மல். கீழே கடைக்காரர் அந்தத் தும்மலை வைத்தே, ஆள் வந்தாயிற்று, ஆள் கிளம்பியாயிற்று என்று தெரிந்துகொள்வார். அறையில் ஒரு நாற்காலிதான். இரண்டாவது நாற்காலி வாங்கவேண்டிய சந்தர்ப்பம் இருபது வருஷத்தில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தித்தாளை விரித்து ஒவ்வொரு பிழையாகச் சுழித்துவைப்பார். பன்னிரண்டு, பதினைந்து என்று சேரும். அதை யாரிடம் காட்டுவது? மடித்துப் பழைய தாள்களோடு போட்டுவிடுவார். ஒரு வருஷம் காய்ச்சலில் நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. தும்மல் சத்தம் கேட்கவில்லையே என்று கடைக்காரர் மேலே வந்து பார்த்தார்.

"யாருக்காவது சொல்லி அனுப்பணுமா சார்?"

"யாரும் இல்ல," என்றார் ஒற்றர்.

அது பொய். மனைவி இருந்தாள், ஒரு மகள் இருந்தாள். ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணத் தூரத்தில் இருந்தார்கள். அவருக்குத் தனியாக இருப்பது பிடித்திருந்தது என்று அச்சகத்தில் எல்லாரும் நினைத்தார்கள். பிடிக்கவில்லை. ஒரு நாளும் பிடிக்கவில்லை.

அவர் ஏன் அப்படி வந்து உட்கார்ந்தார் என்பதற்குக் கொஞ்சம் பள்ளிக்கூடப் பாடம் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் கவிழ்ந்தது அந்தப் பாடத்தில்தான்.

பிள்ளைக்கு ஒவ்வொரு பண்பும் இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது, அப்பாவிடமிருந்து ஒரு கூறு, அம்மாவிடமிருந்து ஒரு கூறு. இரண்டும் வேறுவேறாக இருந்தால் ஒன்று முந்திக்கொண்டு வெளியே தெரியும். அதற்கு ஓங்கு பண்பு என்று பெயர். மற்றது உள்ளே அடங்கிக் கிடக்கும். அது ஒடுங்கு பண்பு. ஓங்கு பண்புக்கு ஒளிந்துகொள்ளத் தெரியாது. பிள்ளையிடம் அது இருந்தால், பெற்றவர்களில் ஒருவரிடமாவது பளிச்சென்று தெரிந்தே தீரும். இதுவரைக்கும் நம் ஒற்றர் பத்தாம் வகுப்பில் சரியாகத்தான் படித்திருந்தார். இரத்த வகையில் எது ஓங்கு, எது ஒடுங்கு என்று மனப்பாடம் செய்த இடத்தில்தான் சறுக்கினார். பரீட்சைக்கு முதல் நாள் அவசரத்தில் தானாக ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்: 'ஓ என்றால் ஓங்கு.' எழுத்துக்கு எழுத்து எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். அதனால்தான் மறக்கவே இல்லை. உண்மை நேர் எதிர். ஏ-யும் பி-யும் ஓங்கு, ஓ-தான் ஒடுங்கு. பரீட்சையில் அந்தக் கேள்வி வரவில்லை. வந்திருந்தால் ஒரு மதிப்பெண் போயிருக்கும். அத்தோடு போயிருக்கும்.

கல்யாணமாகி, பெண் பிறந்து, அவளுக்கு ஆறு வயதானபோது பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டை கொடுத்தார்கள். மனைவிதான் குழந்தையைக் கூட்டிப்போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குழந்தை அவர் மடியில் வந்து ஏறியது.

"அப்பா, இதுல தப்பு இருக்கா பாருங்க."

அது அவர்களுக்குள் நடக்கிற விளையாட்டு. வீட்டுப்பாடமோ, மிட்டாய் சுற்றிய தாளோ, எழுத்து இருக்கிற எதுவானாலும் அவள் கொண்டுவந்து நீட்டுவாள். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு துப்பறிவார். அன்றைக்கும் இறக்கினார். பெயர் சரி. பிறந்த தேதி சரி. இரத்த வகை, ஓ.

அவருடையது ஏ. மனைவியுடையது பி, பிரசவ நேரத்து மருத்துவமனைத் தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது. ஓ என்றால் ஓங்கு. ஓங்கு ஒளியாது. பெற்றவர் இரண்டு பேரிடமும் இல்லாத ஓங்கு பண்பு பிள்ளைக்கு வந்திருக்கிறது என்றால், பெற்றவர்களில் ஒருவர் வேறு ஆள். கணக்கு அப்பழுக்கில்லாத கணக்கு; அடியெடுத்துவைத்த எழுத்து மட்டும்தான் தப்பு.

"தப்பு இருக்காப்பா?" என்று குழந்தை மறுபடி கேட்டது.

"இல்ல, போய் விளையாடு," என்று மடியிலிருந்து இறக்கிவிட்டார்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் யாருக்கும் தெரியாமல் தன் இரத்தத்தை மறுபடி சோதித்துப் பார்த்தார். ஏ-தான். அந்தச் சோதனைச்சாலையில் இருந்தவரிடமே வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்பது எப்படி? 'என் மனைவி...' என்று வாக்கியத்தை ஆரம்பித்தால் எங்கே கொண்டுபோய் முடிப்பது? மானம் என்று ஒன்று இருக்கிறதே. அந்த மானத்தைக் கட்டிக்கொண்டு ஆறு மாதம் வீட்டில் ஊமையாக இருந்தார். மகள் நோட்டோடு வந்தால், தலைவலி என்றார். மனைவியின் முகத்தில் எதையோ தேடினார்; அவள் காஜா இயந்திரத்தில் நாள் முழுக்கச் சட்டைகளுக்குப் பொத்தான் ஓட்டை போட்டுவிட்டு வந்து அசந்து உட்கார்ந்திருந்தாலும், யாரை நினைத்து உட்கார்ந்திருக்கிறாளோ என்று நினைத்தார். சந்தேகம் வந்துவிட்டால் ஈ உட்கார்ந்த இடம்கூடச் சாட்சி சொல்லும்.

கடைசியில் ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"வாயில என்ன பூட்டா போட்டிருக்கீங்க? இப்படி இருக்கறதுக்கு எங்கயாவது போய்த் தொலையலாம்," என்று கத்தினாள்.

அவர் பையை எடுத்துக்கொண்டார். கோபத்தில் சொன்னதை ஆள் நிஜமாகவே செய்கிறாரே என்று அவள் பயந்துபோய் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லிட்டுப் போங்க."

"உனக்கே தெரியும்," என்றார். அவ்வளவுதான்.

முதல் வருஷம், யாரிடமோ முகவரி விசாரித்து அவள் எழுதிய ஒரு கடிதம் வந்தது. மூன்று வரி. 'பிள்ளை உங்களைக் கேட்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதுவாக இருந்தாலும் எழுதி தெரியபடுத்தவும்.' இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. ஒற்றர் சிவப்புப் பேனாவை எடுத்து 'எழுதித் தெரியப்படுத்தவும்' என்று திருத்தினார். பதில் எழுதவில்லை. அந்த ஆளைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் நமக்கு இருக்கிறது. ஆனால் திருத்திய பிறகு அவர் அந்தத் தாளை மார்மேல் வைத்துக்கொண்டு விடியும்வரை அழுதார் என்பதையும் சொல்லாவிட்டால் கதை ஒருபக்கமாகப் போய்விடும்.

இருபது வருஷம் இப்படிப் போனது. அப்புறம் அச்சகத்துக்கு ஒரு வேலை வந்தது. பத்தாம் வகுப்பு அறிவியலுக்குக் கேள்வி பதில் புத்தகம். எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியை. ஏழாவது பாடம் மரபியல். அதில் ஒரு வரி: 'இரத்த வகைகளில் ஏ, பி ஆகியவை ஓங்கு பண்புகள், ஓ ஒடுங்கு பண்பு.'

ஒற்றருக்குச் சிரிப்பு வந்தது. தட்டச்சில் இடம் மாறிவிட்டது என்று நினைத்தார். ஓங்குக்கும் ஒடுங்குக்கும் எத்தனை எழுத்து வித்தியாசம்? கண் அசந்தால் மாறிப்போகும். இரண்டையும் இடம் மாற்றி அம்புக்குறி போட்டு அனுப்பினார். திரும்பி வந்த தாளில் ஆசிரியை பச்சை மையில் எழுதியிருந்தார்: 'மாற்ற வேண்டாம். இருந்ததே சரி.' ஒற்றர் விடவில்லை. மறுபடி மாற்றினார். எழுத்து விஷயத்தில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மூன்றாம் நாள் ஆசிரியையே தாளும் கையுமாக அச்சகத்துக்கு வந்துவிட்டார். முதலாளி ஒற்றரின் மேஜையைக் காட்டினார்.

"சார், நீங்கதானா அது? ஒற்றெல்லாம் அருமையா போட்டிருக்கீங்க, ரொம்ப நன்றி. இந்த ஒரு வரிய மட்டும் விட்டுடுங்க. பிள்ளைங்க தப்பா படிச்சிடும்."

"ஓ-தானே டீச்சர் ஓங்கு?"

ஆசிரியை சிரித்தார். "நீங்களுமா? எங்க வகுப்புல வருஷத்துக்கு ரெண்டு பேராவது இப்படித்தான் எழுதறாங்க. ஓ-வுக்கு ஓ போட்டு ஞாபகம் வெச்சுக்கறது. இங்கிலீஷ்ல படிக்கிற பிள்ளைங்களுக்கு இந்தக் குழப்பமே இல்ல, நம்ம பிள்ளைங்களுக்குத்தான்."

ஒற்றர் சிரிக்கவில்லை. பேனாவை மேஜையில் வைத்தார்.

"ஒரு சந்தேகம். அப்பா ஏ, அம்மா பி. பிள்ளைக்கு ஓ வருமா?"

"ஏன் வராது? தாராளமா வரும். அப்பாகிட்ட ஏ வெளிய தெரியுது, உள்ள ஒரு ஓ அடங்கி இருக்கலாம். அம்மாகிட்டயும் அதே மாதிரி. ரெண்டு பேர்கிட்டேருந்தும் அந்த ஓ வந்து சேர்ந்துச்சுன்னா பிள்ளை ஓ. அப்படிப்பட்ட ஜோடிக்கு ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. ஒடுங்கறதுன்னா அழிஞ்சு போறது இல்ல சார். தெரியாம இருக்கறது, அவ்வளவுதான்."

"அப்ப அந்தப் பிள்ளை..."

"அந்தப் பிள்ளை அவங்க பிள்ளைதான். இதுல என்ன சந்தேகம்?"

ஒற்றர் தன் அம்புக்குறிகளை அடித்தார். அடித்த அடியில் தாள் கிழிந்தது. அன்று மாலை அவர் பார்த்து அனுப்பிய பக்கங்களில் ஒற்றுப்பிழை பதினொன்று இருந்ததாக மறுநாள் முதலாளி சொன்னார். யானைக்கும் அடி சறுக்கும் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். ஒற்றர் விடுப்புக் கேட்டார். காய்ச்சலில் கிடந்த நான்கு நாளை விட்டால், அந்த அச்சகத்தில் அவர் எடுத்த முதல் விடுப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே வீட்டின் முன்னால் போய் நின்றார். கதவுக்குப் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். திறந்தவள் மனைவிதான். முன்னந்தலை நரைத்திருந்தது. யார் என்று கேட்கவில்லை. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வழியைவிட்டு நகர்ந்து நின்றாள்.

"உக்காருங்க. அவ மருந்துக்கடையில வேலை பாக்கறா. காலை நேர வேலை, ஒரு மணிக்கு வந்துடுவா."

உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று ஐந்து மணி நேரம் பேருந்தில் ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. அடையாள அட்டை, ஏ, பி, ஓ, பத்தாம் வகுப்புக் குறுக்குவழி, ஆசிரியை என்று தலைகீழாகவும் குறுக்காகவும் சொல்லி முடித்தார்.

"இதுதானா?" என்றாள் கடைசியில்.

"இதுதான்."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ஒருநாள் ஸ்டவ் பத்த வெக்க ஒண்ணும் கெடைக்கல. நீங்க திருத்தி வெச்சிருந்த தாள்ல நாலு எடுத்துக் கொளுத்திட்டேன். நீங்க கேட்டப்ப எலி கடிச்சிடுச்சுன்னு சொன்னேன். அது தெரிஞ்சுபோய்த்தான் போயிட்டீங்கன்னு நெனச்சேன். உனக்கே தெரியும்னு வேற சொன்னீங்களா, எனக்குத் தெரிஞ்சு நான் பண்ண தப்பு அது ஒண்ணுதான். இருபது வருஷமா யார்கிட்டயும் ஒரு சின்னப் பொய் சொன்னதில்ல நான்."

ஒற்றருக்குத் தலை நிமிரவில்லை. எலி கடித்தது என்று அவள் சொன்னதுகூட அவருக்கு ஞாபகம் இல்லை.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே," என்றாள். குரல் உயரவில்லை. "அடிச்சுக் கேட்டிருந்தாக்கூட அழுதுட்டு அன்னிக்கே மறந்திருப்பேன்."

"கேக்கத் தெரியல."

"அப்ப என்னை அந்த மாதிரி நெனச்சீங்க."

"ஆமா."

"அவளையும் வேற யாரோ பெத்ததுன்னு நெனச்சீங்க."

"ஆமா." பிறகு, "அவகிட்ட சொல்லி மன்னிப்புக் கேக்கணும். அவ என் பொண்ணு. அத அவகிட்ட சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்," என்றார்.

அவள் எழுந்து சமையலறைப் பக்கம் போனாள். பாத்திரம் எதையோ எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"சொல்லக்கூடாது," என்றாள். "அப்பா விட்டுட்டுப் போயிட்டாருன்றத அவ எப்படியோ தாங்கிட்டா. நான்தான் போய்த் தொலையச் சொன்னேன்னு சொல்லி வெச்சிருக்கேன், என்னைத் திட்டித் திட்டியே தேறி வந்துட்டா. அவ என் பொண்ணுன்னு இப்ப நீங்க சொன்னா, அப்ப இத்தனை நாளா யாருன்னு நெனச்சீங்கன்னு கேப்பா. மடியில வெச்சுக் கொஞ்சின அப்பன் ஒரு அட்டையப் பாத்துட்டு என்னை யார் பிள்ளையோன்னு நெனச்சுட்டான்னு தெரிஞ்சா, அதத் தாங்கமாட்டா. எனக்கும் அந்தக் கெட்ட பேர் அவ வாயால வேணாம், பொய்யாப் போன பேரா இருந்தாலும் வேணாம். பாக்கறதுன்னா பாத்துட்டுப் போங்க. இத மட்டும் சொல்லாதீங்க."

அவர் தலையாட்டினார். இருபது வருஷத்துக்கு முன் வாய் திறக்கவேண்டிய இடத்தில் திறக்கவில்லை. திறக்கலாம் என்று வந்த இடத்தில் மூடு என்கிறார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்தால் வேறென்ன நடக்கும்.

ஒரு மணிக்கு மகள் வந்தாள். வண்டிச் சாவியை ஆணியில் மாட்டியவள், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து அப்படியே நின்றாள். அம்மா அறிமுகம் செய்யவேண்டியிருக்கவில்லை. வீட்டில் ஒரு கல்யாணப் படம் இருந்தது.

"எப்ப வந்தீங்க?" என்றாள். தெரிந்தவர் ஒருவரைக் கேட்பதுபோல்தான் கேட்டாள்.

"காலையில."

"எதுக்கு?"

"உங்க அம்மா மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்றதுக்கு. அவ போகச் சொன்னதால நான் போகல. நீ அப்படி நெனச்சிருந்தா, அது தப்பு."

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மகளுக்குக் கண் கலங்கியது, ஆனால் அது அவருக்காக இல்லை.

"அப்ப ஏன் போனீங்க?"

ஒற்றருக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஓர் எழுத்து, அவ்வளவுதான், சொன்னால் ஒரு நிமிஷம்கூட ஆகாது. மனைவி அவரைப் பார்க்கவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காரணம்னு ஒண்ணும் இல்லம்மா," என்றார்.

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "வேற குடும்பம் இருக்கும், குடி இருக்கும், ஏதாவது வியாதியாக்கூட இருக்கும்னு நானா எவ்வளவோ யோசிச்சு வெச்சிருந்தேன். எதுவா இருந்தாலும், நேர்ல வந்து சொன்னா விட்டுடலாம்னு இருந்தேன். காரணமே இல்லாம விட்டுட்டுப் போனீங்கன்னா, நான் எத மன்னிக்கறது?"

அவர் எழுந்து வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டார். மகள் உள்ளே போய்விட்டாள். மனைவி கதவுவரை வந்தாள்.

"பாத்துப் போங்க," என்றாள்.

அவருக்கு அதுவே பெரிதாக இருந்தது.